குளியலறைச் சுவரில் ஊறிய ஈரம்

எங்கள் பக்கத்தில் வீட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கூரை, கதவு, யன்னல், சமையலறை என்று எல்லாம் வரும். குளியலறை கடைசியில்தான் வரும், சில வேளை வரவே வராது. பெண்கள் குளிக்கும் இடம் என்பதால் அதைப் பற்றி நாலு பேர் முன்னால் கதைக்கக் கூச்சம். அதனால் அங்கே உள்ள குறையும் சுவர் ஊறி, பூச்சு உதிர்ந்து, வீட்டுக்குள் வந்து நிற்கும் வரைக்கும் வெளியில் தெரிவதில்லை. வெளிக்கள வேலையில் நான் போகும் வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த சகோதரிகளுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. தறப்பாள் மறைப்புக்குள் உடுத்த உடுப்போடு, அளந்து கிடைத்த தண்ணீரில் குளித்த காலம் அது. 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. அதற்கடுத்த மாதம் இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, அதுவும் தவணை தவணையாக. வீட்டைப் பயனாளியே பொறுப்பாக நின்று கட்ட வேண்டும். கல்லும் மண்ணும் சீமெந்தும் விலை ஏறிக்கொண்டிருந்தன. நகையை அடைவு வைத்து, கடன்பட்டுத்தான் பல பெண்கள் தங்கள் வீட்டின் கூரையைக் கண்டார்கள். அந்த நிலையில் குளியலறையைப் பற்றி யார் நினைப்பது? குளிப்பு முழுக்கு எல்லாம் பழையபடி கிணற்றடியில்தான். வீட்டோடு சேர்ந்த குளியலறை, மோட்டர், தண்ணீர்த் தாங்கி, ஷவர் என்பவை பிறகு, வெளிநாட்டில் உள்ள உறவுகளின் உதவியோடு ஒவ்வொன்றாக வந்தவை.

நான் சொல்லப் போகும் அக்காவின் வீடும் அப்படித்தான். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கிராமம். அக்கா, அவவின் வயதான அம்மா, உயர்தரம் படிக்கும் மகள், மூன்றே பேர். அக்காவுக்கு வலது கால் முழங்காலுக்கு மேலே இல்லை. 2009 இல் செல் விழுந்து போனது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் பொருத்திய செயற்கைக் காலோடு தையல் வேலை செய்கிறா.

ஜெய்ப்பூர் கால் 1968 இல் இந்தியாவில் உருவானது. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற வைத்தியரும் அதைச் செய்தார்கள். எங்களைப் போல வெறுங்காலோடு நடக்கிற, நிலத்தில் இருக்கிற, சேற்றில் இறங்குகிற மக்களுக்காகச் செய்த பாதம் அது. ஆனால் பாதம் நனைந்தால் பரவாயில்லை என்பதற்காகக் காலைப் போட்டுக்கொண்டு குளிக்க முடியாது. தொடையைப் பிடித்திருக்கும் கூட்டுக்குள் வியர்வை தேங்கினால் தோல் அவிந்து புண்ணாகும். புண் வந்தால் அது ஆறும் வரைக்கும் கால் போட முடியாது. கால் போட முடியாவிட்டால் தையலும் இல்லை, வருமானமும் இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் கழற்றி, வெட்டிய இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். பாசி பிடித்த கிணற்றுக் கட்டில் ஒற்றைக் காலில் நின்று வாளி இழுத்து இதைச் செய்து பாருங்கள். அக்கா இரண்டு தரம் விழுந்திருக்கிறா. 2018 இல் சுவிசில் இருக்கும் தம்பி காசு அனுப்பி, படுக்கையறையோடு ஒட்டிக் குளியலறை கட்டி ஷவர் பூட்டியது இதற்காகத்தான். அந்த ஷவரைச் சொகுசு என்று ஊரில் சிலர் சொன்னதாக அக்கா ஒரு தரம் சொன்னா. சொன்னவர்களுக்கு இரண்டு காலும் இருந்தது.

கடந்த ஆடி மாதம் நான் அங்கே போனபோது மகள்தான் முதலில் சொன்னவள். "மிஸ், எங்கட வீட்டு ட்ரிப் சுவிச் நெடுக விழுது. இரவில படிக்கேலாமல் கிடக்கு."

வயறிங் பார்க்கிற தம்பி ஒருவர் வந்து பார்த்து, கம்பிகளில் பிழையில்லை, ட்ரிப் சுவிச்தான் பழுது, அதைக் கழற்றி நேரே கொடுத்தால் விழாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல வேளை, காசில்லாததால் அதைச் செய்யவில்லை. இந்த இடத்தில் வாசகிகள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வீடுகளில் பூட்டப்படும் ட்ரிப் சுவிச், போன மின்சாரத்துக்கும் திரும்பி வந்த மின்சாரத்துக்கும் வித்தியாசம் 30 மில்லி அம்பியர் அளவுக்கு வந்தால் விழும்படி செய்யப்பட்டது. வித்தியாசம் வருகிறது என்றால் மின்சாரம் வேறு எங்கோ, ஈரத்துக்குள்ளோ ஒரு ஆளின் உடம்புக்குள்ளோ இறங்குகிறது என்று அர்த்தம். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி எறிவது, குரைக்கிற நாயை அடித்துக் கலைத்துவிட்டுக் கள்ளனுக்குக் கதவைத் திறந்து விடுவது மாதிரி.

மகளின் கட்டில் குளியலறையோடு ஒட்டிய சுவரோரம் கிடந்தது. கட்டிலை இழுத்துப் பார்த்தோம். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் சுவர் கறுத்து ஊறியிருந்தது. பெயின்ற் கொப்பளித்து, கொப்பளத்தின் ஓரத்தில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது. ஈரத்தின் நடுவில் மேசை விளக்குக்குரிய பிளக் பொயின்ற். அந்தப் பிள்ளை ஒவ்வொரு இரவும் கை வைத்த இடம் அது.

மெயினை நிறுத்திவிட்டு அந்தப் பொயின்றைத் தனியாகப் பிரித்துவிடும்படி வேறொரு மின் வேலைக்காரரை அன்றைக்கே கூப்பிட்டோம். மற்றதெல்லாம் பிறகு.

ஈரம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். அம்மா மழை என்றா. பக்கத்து வீட்டு ஐயா நிலத்து ஈரம் ஏறுகிறது என்றார். மேசன் ஒருவர் வந்து சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, குளியலறை ரைல்ஸ் முழுவதையும் உடைத்து, குழாயை மாற்றி, திரும்ப ரைல்ஸ் பதிக்க 85,000 ரூபா ஆகும் என்று சொல்லிப் போயிருந்தார். அக்கா அன்றிலிருந்து ஷவரைத் திறப்பதைக் குறைத்துவிட்டா. ஒன்றுவிட்ட ஒரு நாள் குளிப்பு. காலின் ஓரத்தில் சிவந்திருப்பதை எனக்குக் காட்டினா. எனக்கு 85,000 ரூபாவை விட அந்தச் சிவப்புத்தான் பயத்தைத் தந்தது.

நான் படித்தது சமூகவியல். ஆனால் என் அப்பா குழாய் வேலை செய்தவர். சின்ன வயதில் அவருக்குப் பின்னால் ரேப்பும் சாவியும் பிடித்துக்கொண்டு திரிந்தவள் நான். "தண்ணி வாற இடமும் தண்ணி தெரியிற இடமும் ஒண்டில்லைப் பிள்ளை, முதல் உளியை எடுக்காதை, முதல் பென்சிலை எடு" என்பார் அப்பா. நானும் பென்சிலைத்தான் எடுத்தேன்.

ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறித் திகதி எழுதினோம். அது மழை இல்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. சோளகக் காற்று வீசும் ஆடி மாதம், வானத்தில் ஒரு துளி இல்லை. நிலத்து ஈரமும் இல்லை. நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் சுவரின் அடி முழுவதும் ஒரே மட்டத்தில் பட்டி போட்டது போல நிற்கும். இது ஒரு இடத்தில் மட்டும், குவித்த மண் கும்பி மாதிரி இருந்தது.

அடுத்தது தாங்கி. இரவு எல்லோரும் குளித்துக் கழுவி முடித்த பிறகு, மோட்டர் போடாமல், எல்லாப் பைப்பையும் இறுக்கிப் பூட்டிவிட்டு, மகள் ஏணியில் ஏறித் தாங்கிக்குள் ஒரு தடியை விட்டுத் தண்ணீர் மட்டத்தை அடையாளம் வைத்தாள். விடிய எழும்பித் திரும்பப் பார்த்தாள். மட்டம் இறங்கவில்லை. உங்கள் வீட்டில் இப்படிப் பார்த்து மட்டம் இறங்கியிருந்தால், தாங்கியிலிருந்து பைப் வரைக்கும் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. செக்கனுக்கு ஒரு சொட்டு என்பது பெரிதாகத் தெரியாது. ஒரு சொட்டைக் கால் மில்லி லீற்றர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 21 லீற்றருக்கு மேல் வரும். குழாய்த் தண்ணீர் எடுப்பவர்கள் தாங்கியில் ஏறத் தேவையில்லை, எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மீற்றர் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

மட்டம் இறங்காததைக் கண்டு ஐயா, "பாத்தியளே, பைப்பில ஒழுக்கில்லை" என்றார். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஷவர்க் குழாயில் இரண்டு பகுதி உண்டு. தாங்கியிலிருந்து சுவருக்குள் இருக்கும் திருகு பைப் வரைக்கும் எப்போதும் தண்ணீர் நிற்கும். அந்தப் பைப்புக்கு மேலே, ஷவர்த் தலை வரைக்கும் உள்ள நாலைந்து அடிக் குழாய்க்குள் நாங்கள் திறந்து குளிக்கும் நேரத்தில் மட்டுமே தண்ணீர் போகும். ஒழுக்கு அந்த மேல் பகுதியில் இருந்தால் இரவு முழுக்கக் காவல் இருந்தாலும் தாங்கி காட்டித் தராது.

அதோடு இன்னொரு சந்தேகமும் இருந்தது. குழாயில் ஒன்றுமே இல்லாமல், ரைல்ஸ் இடுக்குகளால் தண்ணீர் இறங்கினாலும் இதே மாதிரி ஊறும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கிழமை எடுத்தது. முதல் மூன்று நாள் குளியலறையை ஒருவரும் பாவிக்கவில்லை. அக்காவுக்கு அடுப்படிப் பக்கம் சீலை கட்டி மறைத்துக் கதிரை போட்டுக் கொடுத்தோம். படுக்கையறைக்குள் காற்றாடி ஓடியது. ஈரம் பென்சில் கோட்டிலிருந்து நாலு விரல் உள்ளே போனது. புதுக் கோடு கீறினோம். அடுத்த மூன்று நாள் குளியலறைக்குள்ளேயே குளிப்பு, ஆனால் ஷவரைத் தொடாமல் வாளியில். சுவரெல்லாம் தெறிக்கக் குளிக்கச் சொன்னேன். மகளுக்கு அது நல்ல விளையாட்டு. கோடு அசையவில்லை. அப்படியென்றால் ரைல்ஸ் இடுக்கு இல்லை.

ஏழாம் நாள் நான் போய் ஷவர்த் தலையைக் கழற்றினேன். அந்த வாயில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸை இறுக்கிக் கட்டி, மற்ற நுனியை யன்னலால் வெளியே வாழையடிக்கு விட்டேன். பைப்பைத் திறந்து இருபது நிமிடம் ஓடவிட்டோம். குளியலறைச் சுவரிலும் தரையிலும் ஒரு சொட்டு விழவில்லை. பொழுதுபட முன்னம் ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தது. பிள்ளை கைதட்டினாள். சுவருக்குள், திருகு பைப்புக்கும் ஷவருக்கும் இடையில்தான் ஒழுக்கு.

இனி உடைக்கத்தான் வேணும். எந்தப் பக்கத்தால் உடைப்பது என்பதுதான் கேள்வி. மேசன் சொன்னது குளியலறைப் பக்கம். 2018 இல் வாங்கிய ரைல்ஸ் இப்போது அதே நிறத்தில் கடைகளில் இல்லை. ஒன்றை உடைத்தால் நாலு வெடிக்கும். அதன் பிறகு முழுச் சுவரையும் மாற்றும்படிதான் வரும். படுக்கையறைப் பக்கத்தில் இருப்பது வெறும் சீமெந்துப் பூச்சு. உடைத்தால் ஒரு வாளிக் கலவையில் மூடிவிடலாம். இது தெரிந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

ஷவர்த் தலை இருந்த வாயை மூடியால் அடைத்துவிட்டுப் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் போக வழியில்லாததால் தாங்கியின் அமுக்கம் முழுவதும் அந்த நாலடிக் குழாய்க்குள் நிற்கும். படுக்கையறைச் சுவரில் ஒரு எவர்சில்வர்க் குவளையைக் கவிழ்த்து, அதில் காதை வைத்துக் கீழிருந்து மேலாகக் கேட்டுக்கொண்டு போனோம். நிலத்திலிருந்து மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே, திருகு பைப் இருக்கும் உயரத்தில், மெல்லிய சீறல் கேட்டது. ஈரம் தெரிந்த இடத்திலிருந்து அது இரண்டடி வலப்பக்கம்.

சுவரைத் திறந்தது நான் இல்லை, பக்கத்து வீட்டுத் தங்கச்சி. முகமாலையில் நாலு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள். மெயினை நிறுத்தி, தாங்கியடி வால்வைப் பூட்டிய பிறகு அவள் உளியை வாங்கினாள். சுத்தியலால் ஓங்கி அடிக்கவே இல்லை. நாலு அங்குலச் சீமெந்துக் கல்லை விரல் அகலம் விரல் அகலமாகக் கொத்தி, தூசியை ஊதி, திரும்பக் கொத்தி, ஒரு அடிக்கு ஒரு அடி ஓட்டையை ஒன்றரை மணித்தியாலத்தில் எடுத்தாள். பின்பக்க ரைல்ஸில் ஒரு கீறல் கூட விழவில்லை. "அங்க அவசரப்பட்டால் கால் போகும், இஞ்ச ரைல்ஸ்தானே அக்கா போகும்" என்று சிரித்தாள். அக்காவும் சிரித்தா.

உள்ளே எல்லாம் தெளிவாக இருந்தது. பித்தளைத் திருகு பைப்பின் மேல் வாயில் மரை உள்ள பிவிசி இணைப்பு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. கடையில் வால்வ் சொக்கட் என்று கேட்டால் தருவார்கள். அது மரையின் அடியில் அரைவாசிச் சுற்றுக்கு வெடித்திருந்தது. ஒழுகிய தண்ணீர் கீழே இறங்கி, பிளக் பொயின்றுக்குக் கம்பி கொண்டுபோகக் கொத்திய பழைய வாய்க்காலைப் பிடித்து, அதன் வழியே பக்கவாட்டில் ஓடி, கட்டிலுக்குப் பின்னால் ஊறியிருக்கிறது. ட்ரிப் சுவிச் விழுந்ததற்கும் அதுதான் காரணம்.

ஆனால் சுவருக்குள் புதைந்த இணைப்பு ஏன் வெடித்தது? குழாய் பழசு இல்லை. ரேப் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. தாங்கி அமுக்கத்துக்கு அந்த இணைப்பு வெடிக்காது. புதைச்ச மூட்டு தன்பாட்டில வெடிக்காது, ஆரோ இழுக்கினம் என்றும் அப்பா சொல்லுவார். வெடிப்பு கீழ்நோக்கி இழுபட்ட மாதிரி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. நான் குளியலறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் கதிரை, சவர்க்காரத் தட்டு, வாளி. வேறு ஒன்றும் இல்லை.

"அக்கா, நீங்கள் குளிச்சு முடிஞ்சு கதிரையால என்னண்டு எழும்புறனீங்கள்? ஒருக்காக் காட்டுங்கோ."

அவ முதலில் விளங்காதது போல நின்றா. பிறகு கதவைச் சாத்திவிட்டு, செயற்கைக் காலைக் கழற்றி வெளியே வைத்து, கதிரையில் இருந்தா. எழும்புவதற்காக வலது கையைத் தூக்கினா. கை தன்பாட்டில் போய்த் திருகு பைப்பைப் பிடித்தது. அவ அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. முழு உடம்புப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டு ஒற்றைக் காலில் எழும்பி நின்றா. ஒரு நாளைக்கு இரண்டு தரம், ஆறேழு வருடம்.

"வேற என்னத்தைப் பிடிக்கிறது தங்கச்சி?" என்றா.

அந்தக் கேள்விக்கு அந்த அறைக்குள் பதில் இருக்கவில்லை. ஒற்றைக் காலோடு ஒரு பெண் குளிப்பதற்கென்றே கட்டிய குளியலறை அது. கட்டியவர் அவவிடம் ரைல்ஸ் நிறம் கேட்டிருக்கிறார், ஷவர் எந்த மாதிரி என்று கேட்டிருக்கிறார். எப்படி இருப்பீர்கள், எப்படி எழும்புவீர்கள் என்று கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை. அறிமுகமில்லாத ஆம்பிளை ஒருவரிடம் நான் இப்படித்தான் குளிப்பேன் என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? ஈரம் பார்க்க வந்த மேசனிடமும் சொல்லவில்லை. 85,000 ரூபா கொடுத்துப் புதுக் குழாய் போட்டிருந்தால் அதுவும் சில வருடத்தில் அதே இடத்தில் வெடித்திருக்கும். அதைவிட மோசமாக, ஒரு நாள் பைப் கையோடு கழன்று வர, அக்கா ஈரத் தரையில் விழுந்திருப்பா.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் இயலாமை என்பது உடம்பில் மட்டும் இருப்பதல்ல, சுற்றியிருக்கும் கட்டடத்திலும் இருக்கிறது என்று படித்தோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். அதை வெடித்த ஒரு பிவிசித் துண்டாகக் கையில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். இலங்கையில் வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம், கைபிடி, மலசலகூட வசதி எப்படி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த ஒழுங்குவிதிகள் பேசுவது பொதுக் கட்டடங்களைப் பற்றி. எங்கள் வீட்டுக் குளியலறையை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருத்த வேலை ஒரு நாளில் முடிந்தது. வெடித்த இணைப்புக்கு மேலும் கீழும் குழாயைப் பிளேட்டால் நேராக வெட்டினோம். புதுத் திருகு பைப்பும், மரைக்குள் பித்தளை வைத்த இணைப்புகளும் வாங்கினோம். சும்மா பிளாஸ்டிக் மரையை விட இவை கொஞ்சம் விலை, ஆனால் சுவருக்குள் புதைக்கிற இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. ரேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் பூட்டும்போதே உரிந்து வந்துவிடும். குழாய் நுனியை அரத்தாளால் உரசி, ஈரம் இல்லாமல் துடைத்து, இரண்டு பக்கமும் பசை பூசி, தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். பசை காய்ந்தது போலத் தெரிந்தாலும் அன்றைக்குத் தண்ணீர் விடக் கூடாது. அடுத்த நாள்தான் விட்டோம்.

ஓட்டையை உடனே மூட வேண்டாம் என்று சொன்னேன். மூன்று நாள் எல்லோரும் ஷவரில் குளித்தார்கள். இணைப்புக்குக் கீழே பழைய பத்திரிகைத் தாளை மடித்து வைத்து ஒவ்வொரு தரமும் தொட்டுப் பார்த்தார்கள். தாள் உலர்ந்தே இருந்தது. மூடுவதற்கு முன் அளவுநாடாவைச் சுவரில் பிடித்தபடி மகள் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தாள். குழாய் நிலத்திலிருந்து எத்தனை அங்குலம், கதவு நிலையிலிருந்து எத்தனை அங்குலம் என்று ஒரு கொப்பியிலும் எழுதினாள். பிறகு யாராவது ஆணி அடிக்க வந்தால் எடுத்துக் காட்டலாம். பிளக் பொயின்றை மின் வேலைக்காரர் எதிர்ச் சுவருக்கு மாற்றித் தந்தார்.

கைபிடிதான் முக்கியமான வேலை. வெளிநாடுகளில் நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். சுவருக்கும் கைபிடிக்கும் இடையில் ஒன்றரை அங்குல இடைவெளி வேண்டும். அதற்குக் கூடினால் கை வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். நாங்கள் அக்காவைக் கதிரையில் இருத்தி, எழும்பச் சொல்லி, அவவின் கை இயல்பாகப் போகும் இடத்தைச் சோக்கால் அடையாளம் வைத்தோம். நிற்கும்போது பிடிக்க நிலத்துக்குச் சமாந்தரமாக ஒன்று, எழும்பும்போது பிடிக்கச் சரிவாக ஒன்று. ஒன்றேகால் அங்குல இரும்புக் குழாயை வெல்டிங் கடையில் வளைத்து எடுத்தோம். எங்கள் வீட்டுச் சீமெந்துக் கல் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்து ஆணி முறுக்கினால் அது ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது. சுவரை ஊடறுத்துத் துளைத்து, நீள ஆணி விட்டு, படுக்கையறைப் பக்கத்தில் இரும்புத் தகடு வைத்து நட்டால் இறுக்கினோம். துளை போடும் இடத்தைக் கொப்பியைப் பார்த்துத்தான் தெரிவு செய்தோம். பூட்டியதும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி இரண்டு கையாலும் அதில் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

பிளாஸ்டிக் கதிரையையும் விட்டுவிடவில்லை. ஈரத்தில் அதன் கால் விரிந்து வழுக்கும். மூலையில் 18 அங்குல உயரத்துக்குக் கல் வைத்துக் கட்டி, மேலே சொரசொரப்பான சீமெந்துப் பூச்சுப் பூசினோம்.

குழாய்ச் சாமான், கைபிடி, கலவை, மின் வேலைக்காரரின் கூலி எல்லாம் சேர்த்து 19,000 ரூபா முடிந்தது. அதில் அரைவாசிக்கு மேல் கைபிடிக்கும் கட்டுக்கும் போனது. உடைத்த இடத்தில் ஆறு கிழமைக்குப் பெயின்ற் பூச வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். உள்ளே ஊறிய ஈரம் வெளியேறாமல் பூசினால் திரும்பவும் கொப்பளிக்கும். அக்கா இப்போது ஒவ்வொரு நாளும் குளிக்கிறா. காலின் சிவப்பு மாறிவிட்டது.

போன கிழமை போனபோது அம்மா என்னைக் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. "பிள்ளை, உதைப் பிடிச்சு நானும் எழும்பிறன் கண்டியோ" என்று செய்து காட்டினா. சுவிசில் இருந்து தம்பி கதைத்தபோது, இரும்பு கறள் பிடிக்கும், கறள் பிடிக்காத எவர்சில்வர்க் குழாய்க்குக் காசு அனுப்பட்டோ என்று கேட்டாராம். இதற்கு பெயின்ற் அடித்தாச்சு, அந்தக் காசை மலசலகூடத்துக்குள்ள இன்னொரு கைபிடி போட அனுப்பு, பக்கத்து ஒழுங்கையில முள்ளந்தண்டு அடிபட்ட பிள்ளை ஒன்று இருக்கு, அவள் வீட்டுக்கும் சேர்த்து அனுப்பு என்று அக்கா சொல்லியிருக்கிறா. அந்த வீட்டுக்கு வருகிற புதன்கிழமை அளவுநாடாவோடு போகிறோம்.